பத்துக் கோடி கிரகமும் ஒரு மச்சானும்

தூரத்துக் கெட்டிக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். இல்லாத ஊரில் நீங்களோ நானோ அந்தக் குறையைத் தீர்த்து வைத்திருப்போம். வியாழனுக்கு எத்தனை சந்திரன் என்று கேளுங்கள், அந்தக் காலக் கணக்குப்படி பதினாறு என்று பட்டென்று சொல்வார். சனியின் வளையம் எதனால் ஆனது, சூரியன் இன்னும் எத்தனை கோடி வருஷம் எரியும், அது அணைந்த பிறகு நம் கதி என்ன, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். வீட்டில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களைச் சின்னப் புத்திக்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்.

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் றேடியோ திருத்தும் நாகமுத்து இந்த ரகத்தில் முதல் தரம். கடைக்குள் வயிறு திறந்த றேடியோக்கள் வரிசையாகக் கிடக்கும். சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் "நாளைக்கு" என்பார். ஆனால் பக்கத்து மஹ்ரூப் நானாவின் தேத்தண்ணிக் கடையில் அவர் பேச்சு ஒருநாளும் நாளைக்குத் தள்ளிப்போனதில்லை. பின்னேரம் நாலரைக்கு உட்காருவார். முதலில் கூரையைப் பார்ப்பார். பிறகு, "விஞ்ஞானிகள் என்ன சொல்றாங்கன்னா" என்று தொடங்குவார். அந்த விஞ்ஞானிகளில் தன்னையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறார் என்பது குரலிலேயே தெரியும்.

"இத்தனை நட்சத்திரம் இருக்கு. அத்தனைக்கும் நடுவுல நாம மட்டும்தானா? அப்படின்னா இவ்வளவு இடமும் வீணாப் போகலையா? கொஞ்சம் பெரிசா யோசிங்க."

"அது படைச்சவனுக்குத் தெரியும் நாகமுத்து" என்பார் மஹ்ரூப் நானா. "ஒங்களுக்குப் பிளேன்டீயா, பால் டீயா?"

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நாகமுத்துவின் வாழ்க்கையில் பொற்காலம். செவ்வாயிலிருந்து விழுந்த ஒரு கல்லில், எப்போதோ அங்கே உயிர் இருந்ததற்கான தடயம் இருக்கக்கூடும் என்று பேப்பரில் வந்தது. 'இருக்கக்கூடும்' என்ற சொல்லை அவர் படிக்கவில்லை. கல்லைத் தானே கண்டெடுத்ததுபோல் நான்கு நாள் நடந்தார்.

அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. கொழும்பில் குண்டுகள் வெடித்த வருஷம் அது. தமிழ் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் கொண்டுபோவார்கள். எப்போது விடுவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. படிவம் சிங்களத்தில் இருந்தது. நாகமுத்துவுக்குச் சிங்களம் முத்து முத்தாக எழுத வரும். அதனால் அக்கம்பக்கமெல்லாம் அவரிடம் வந்தது. அவரும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். வேலம்மா வீட்டுக்கு ஏழு பேர், காத்தாயி வீட்டுக்கு ஐந்து பேர். பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு பிழை கிடையாது.

கடைசியில் தன் வீட்டுப் படிவத்தைத் தேத்தண்ணிக் கடையில் வைத்து நிரப்பினார். பாதிப் பேச்சில் இருந்தார். தன் பெயர், மனைவி சந்திரகாந்தாவின் பெயர். பிள்ளைகள் இல்லை. முடிந்தது. அந்நேரம் யாரோ, எத்தனை கிரகத்தில் உயிர் இருக்கும் என்று கேட்டுத் தொலைக்க, கையிலிருந்த படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, பத்துக் கோடி என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். அப்படியே கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் எட்டு மாதமாக மூன்றாவதாக ஒரு ஜீவன் இருந்தது. சந்திரகாந்தாவின் தம்பி செல்லச்சாமி. எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, மாத்தளை டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தான். அவன் போகும்போது நாகமுத்து தூங்குவார். அவர் வரும்போது அவன் தூங்குவான். லீவு நாளில் ஒரே மேசையில் சாப்பிடும் நேரத்திலும் நாகமுத்து செவ்வாயில் இருப்பார். இப்படிப்பட்ட ஆளை எழுத நினைவிருக்குமா, சொல்லுங்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ் வந்தது. பட்டியலில் இரண்டு பேர். வீட்டில் மூன்று பேர். லீவு நாளில் போர்த்திப் படுத்திருந்த செல்லச்சாமியை எழுப்பி, சேட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"படிவத்துல அவன் பேர எழுதுனீங்களா?" என்று சந்திரகாந்தா கேட்டாள்.

நாகமுத்து கூரையைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் எழுதுனீங்களே" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிராம சேவகர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

நாகமுத்து மஹ்ரூப் நானாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு ஓடினார். பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிங்களத்தில் விசாரித்தார்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"மூன்று பேர், சேர்."

"இதில் இரண்டுதானே இருக்கிறது." படிவத்தைத் திருப்பினார். "பின்னால் பத்துக் கோடி என்று எழுதியிருக்கிறதே. அவர்கள் யார்?"

தன் வாழ்நாளில் முதல் தடவையாக நாகமுத்துவுக்கு அந்த விஷயத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

"சேர், இவர் ஆகாசத்தப் பத்தி யோசிக்கிற ஆள்" என்று நானா இடையில் புகுந்தார். அது உதவவில்லை.

"சரி, மச்சானின் முழுப்பெயர் என்ன?" செல்லச்சாமி என்பது தெரியும், தகப்பன் பெயரில் சந்தேகம் வந்துவிட்டது. அடையாள அட்டை இலக்கம்? தெரியாது. எந்தப் பேக்கரி? டவுனில் ஒரு பேக்கரி. எப்போது வந்தான்? தீபாவளிக்கு, இல்லை, பொங்கலுக்கு. பதினாறு சந்திரன்களையும் பிசகாமல் சொல்கிற வாய் திக்கியது. அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு திருட்டு முழி முழிக்கிற மனிதனை அந்த ஓ.ஐ.சி. பார்த்திருக்க மாட்டார்.

"எட்டு மாதம் உங்கள் வீட்டில் இருந்த ஆளைத் தெரியாதா? இல்லை, மறைக்கிறீர்களா?"

நாகமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மறதியால் ஒருவன் கம்பிக்குள் போய், எங்கே என்று தெரியாமலே போய்விடலாம். பயம் வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது.

ஓ.ஐ.சி. செல்லச்சாமியை அழைத்துவரச் சொல்லி, நாகமுத்துவைக் காட்டி, "இந்த ஆள் யார்?" என்று கேட்டார்.

"எங்க அக்கா புருஷன் சேர்" என்றான் அவன், உடைந்த சிங்களத்தில். "நாப்பத்தாறு வயசு. றேடியோ கடை வச்சிருக்காரு. டொக்டர் சீனி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, ஆனா கடையில போய்ச் சீனி போட்டுக் குடிப்பாரு. எடது காது கேக்காது. யாருக்கும் சொல்லல, ஆனா கேக்காது. அதனால நான் அவருக்கு வலது பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடுவேன்."

மஹ்ரூப் நானா திரும்பி நாகமுத்துவைப் பார்த்தார். சீனி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். காது விஷயம் சந்திரகாந்தாவுக்குக்கூடத் தெரியாது.

மத்தியானம் சந்திரகாந்தா வந்து சேர்ந்தாள். கையில் கிராம சேவகரின் கடிதம், பின்னால் பேக்கரி முதலாளி. கேட்ட கேள்விக்கெல்லாம் கேள்வி முடியுமுன் பதில் சொன்னாள். நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய அதிர்ஷ்டம். எத்தனையோ வீடுகளில் கடிதமும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது, ஆள் மட்டும் திரும்பவில்லை.

பஸ்ஸில் மச்சான்மார் இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று நாகமுத்துவுக்குத் தெரியவில்லை.

"பேக்கரியில என்ன வேலை?"

"பாண் அடுப்புல, மச்சான்."

"சுடுமா?"

"சுடும்" என்று செல்லச்சாமி சேட்டுக் கையை மடித்துக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கறுத்த தழும்புகள். எட்டு மாதம் பக்கத்திலிருந்து சோறு அள்ளிய கை. நாகமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருந்தினாரா என்று கேட்பீர்கள். மறுவாரமே தேத்தண்ணிக் கடையில் புதுப் பேச்சு ஒன்று தொடங்கிவிட்டது: ஒவ்வொரு மனிதனும் தன் வீட்டாரை எப்படி அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று. இரண்டு மணித்தியாலம் பேசினார். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவர் இன்று என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார், அதை மட்டும் இருந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள். முடியாதல்லவா? எழுந்து போய்ப் பாருங்கள். இதை எழுதிவிட்டு நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். என் மூத்த மகள் மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறதாம்.