ஓதம் பிடித்த சுவர்

"அப்பாடா, ஒருவழியா காஞ்சிடுச்சு!" என்று மனைவி சொன்னதும், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது.

படுக்கையறைச் சுவரில் பல மாதமாக ஓதம். மாடி வீட்டுக் குளியலறைக் குழாயில் எங்கோ கசிந்து, சுவருக்குள் இறங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுப் போட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது கறை. கண்ணாடிக் கடைக்காரருக்கு அது அரூப ஓவியம். அதைப் பார்த்து ஆறு படங்கள் வரைந்து தருவதாக ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டுதான் முடிந்திருந்தன. அதற்குள் இந்தப் பாழாய்ப்போன சுவர் காய ஆரம்பித்துவிட்டது.

"எப்படிக் காஞ்சுது?"

"மாடி வீட்டு அக்காகிட்ட சொன்னேன். பாவம், நல்ல மனுஷி. இப்ப அந்தக் குளியலறையில தண்ணியே விடறதில்லையாம். பின்பக்கம் இருக்கறதுலதான் குளிக்கிறாங்களாம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"சுவர் காயறதுக்கு உங்களைக் கேக்கணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் நிலைமையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சங்கம் அவரை ஏற்கெனவே மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தது. முதலில் ஜன்னல் கம்பிகளின் நிழல், பிறகு சாக்கடை மூடி, அப்புறம் விரிசல் விட்ட தரை. திரும்பி வந்த படங்களைக் கடையில் மாட்டி வைத்தார். வந்தவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "முதல் வரி தெரியுது சார். ரெண்டாவது வரிதான் கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றார்கள். ஒருவர் அதைப் பார்த்துப் பார்வையே போய்விட்டதாகப் பயந்து, அங்கேயே புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் வரைஞ்சு ஓவியம் வளரல, கடைதான் வளருது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது.

சுவரை எப்படியாவது மீட்டாக வேண்டும். கடையிலிருந்து லென்ஸ் துடைக்கும் திரவத்தைக் கொண்டுவந்தார். மங்கிய லென்ஸ் அதில் பளிச்சென்று தெளியும். மங்கிய கறை மட்டும் தெளியாதா என்ன? மனைவி சமையலறையில் இருந்த நேரம் பார்த்து நாலு பீச்சு பீச்சினார். மிச்சமிருந்த கறையும் போய், அந்த இடம் மட்டும் வெள்ளைவெளேரென்று ஆனது.

பதறிப்போய் ஒரு குவளைத் தண்ணீரை விசிறி அடித்தார். கறை வரவில்லை. சுவர்தான் உப்பியது. உப்பிய இடம் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து, சரியாக மனைவியின் தலையணை மேல் விழுந்தது.

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, ஓவியத்துல ஒரு பகுதி விழுந்துடுச்சு."

மனைவி வந்து பார்த்தாள். தலையணையைத் தட்டினாள். "நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பூசி, வெள்ளையடிச்சாத்தான் சரிப்படும்" என்றாள்.

வெள்ளையடித்தால் கதை முடிந்தது. கடைக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினார். கதவைத் திறந்தது மாடி வீட்டு அக்காதான்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?"

"வந்துங்க... நீங்க பழையபடி முன்பக்கக் குளியலறையிலேயே குளிக்கணும். தாராளமா, தண்ணி ஊத்தி."

அக்கா வாயைப் பிளந்தார். "என்ன சொல்றீங்க?"

"நீங்க குளிச்சாத்தான் எனக்கு வரைய வரும்."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் கணவர் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும், மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"யாரு குளிச்சா யாருக்கு வரைய வரும்?"

"ஐயோ, தப்பா நினைக்காதீங்க சார். அவங்கதான்னு இல்ல, நீங்க குளிச்சாலும் போதும்!"

கட்டடத்தில் இருந்த எல்லாக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைக்காரர் ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

வீட்டுக்குள் வந்ததும் திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். மனைவி தரையில் சிதறிக் கிடந்த காரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா விட்டுடறேன். பிரஷ், கலர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம். மத்தவங்களை விடு. இத்தனை வருஷத்துல நீகூட ஒரு படத்தைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

"நல்லா இருந்தா சொல்ல மாட்டேனா?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சரி விடுங்க. கண்காட்சி முடியட்டும். வெள்ளையடிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மாலை கடையிலிருந்து திரும்பி, சட்டையைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறை வந்திருந்தது! பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளைவு, அதிலிருந்து வழிந்த மாதிரி மெல்லிய கோடுகள்.

"பார்த்தியா! கத்தினாலும் அந்த மனுஷனுக்குக் கலைமேல மரியாதை இருக்கு. தண்ணியைத் திறந்து விட்டுட்டார்!"

"அப்படியா?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அவருக்குக் கை நிற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் சுவர் ஒரு புது வடிவம் காட்டும். பார்த்ததும் வரைய உட்கார்ந்துவிடுவார். சில நாள் சுவரையே விமர்சிப்பார்.

"இன்னைக்கு மாடியில அவசரக் குளியல்போல. இடது ஓரம் வெறிச்சுனு இருக்கு."

மறுநாள் இடது ஓரம் நிறைந்திருக்கும்.

"இயற்கைக்கு இருக்கிற ரசனையே தனிம்மா. இதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

"எனக்கெங்க புரியப்போகுது" என்பாள் அவள்.

மாடிப்படியில் டிரில் மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார். அவரோ தன் மனைவியைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார். நல்லது செய்பவர்கள் இப்படித்தான் கூச்சப்படுவார்கள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

கண்காட்சி நாள் வந்தது. சங்கத் தலைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். அது தன் கடைக் கண்ணாடி இல்லையே என்பதுதான் கடைக்காரரின் அப்போதைய கவலை.

"முதல் ரெண்டும் கறை" என்றார் தலைவி. "அப்படியே கறையைப் பார்த்து வரைஞ்ச கறை."

கடைக்காரரின் முகம் தொங்கியது.

"ஆனா இந்த நாலும் அப்படியில்ல. எங்க நிறைக்கணும், எங்க சும்மா விடணும்னு தெரிஞ்ச கை. அலட்டலே இல்ல. இத்தனை நாள் இந்தக் கையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

முதல் பரிசு அவருக்குத்தான். மேடையேறிப் பேசச் சொன்னார்கள். "நான் ஒண்ணுமே செய்யல. எதிர்ல இருந்ததைப் பார்த்து அப்படியே வரைஞ்சேன், அவ்வளவுதான்" என்று தன்னடக்கமாக ஆரம்பித்து, பார்வை என்றால் என்ன, சாதாரணக் கண்ணுக்கு எதெல்லாம் தப்பிப்போகிறது என்று விளக்கி, கூட்டத்தில் பாதி எழுந்து போகும்வரை பேசினார்.

இறங்கி வந்ததும் நேராக மனைவியிடம் போனார். கேட்கத் தைரியம் வராமல் நின்றார். அவள் படங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"அந்தக் கடைசி நாலும் நல்லா இருக்குங்க."

பரிசு கிடைத்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. துடைத்துக்கொண்டே, மனைவி அழைத்ததற்காக வந்து மூலையில் நின்றிருந்த மாடி வீட்டு அக்காவிடம் ஓடினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. தினமும் நீங்க அந்தத் தண்ணியை விட்டிருக்கலேன்னா இந்தப் பரிசே இல்ல!"

"தண்ணியா? நீங்க வந்துட்டுப் போன மறுநாள் காலையிலேயே அவரு ஆளை வரவெச்சு அந்தக் குழாயை மாத்திட்டாருங்க. உங்க வீட்டம்மா தினமும் மத்தியானம் டீத்தண்ணியைத் தொட்டுத் தொட்டு அந்தச் சுவத்துல வரையறப்ப, விழுந்துடாம ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டது மட்டும்தான் நான்!"