ஒழுகாத கூரைக்கு முழு மார்க்கு

தமிழுக்கு அச்சு இயந்திரம் வந்தது ஒரு பெரிய நிகழ்ச்சி. அதற்கு அடுத்த பெரிய நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில்தான் நான் 'பொன்வார்ப்புக் கட்டுரை முறை'யைக் கண்டுபிடித்தேன். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு வேலை அதிகம் போலிருக்கிறது. எனவே நானே குறித்து வைக்கிறேன்.

முறை மிகவும் எளியது. பிள்ளைகள் யோசிக்கக் கூடாது; யோசித்தால் எழுத்துப் பிழை வரும். நான் ஒரே ஒரு கட்டுரையை எழுதி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து, முப்பத்தொரு பேருக்கும் கொடுத்துவிடுவேன். 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டும் இனிய காலைப் பொழுதில்' என்று தொடங்கி, 'என்றால் அது மிகையாகாது' என்று முடியும். நடுவில் தலைப்புக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். பசு என்றால் பசு, பள்ளி என்றால் பள்ளி. இரண்டுக்கும் 'வானளாவிய' என்ற அடைமொழி உண்டு. பசுவுக்கு அது கொஞ்சம் பெரிதுதான். ஆனாலும் ஒரு மாணவனும் ஆட்சேபித்ததில்லை.

ஆட்சேபித்தது ஒரு மாணவி. பெயர் சிவகாமசுந்தரி, வயது பதினொன்று, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகள். 'எங்கள் பள்ளி' என்ற தலைப்புக்கு என் மாதிரியைத் தொடாமல் அவள் எழுதியது இது:

"எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் ஏழு இடத்தில் ஒழுகும். ஆறு இடத்துக்கு வாளி இருக்கிறது. ஏழாவது இடம் சார் நாற்காலிக்கு நேர் மேலே. அதற்கு வாளி இல்லை. சார் குடை பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார். மழை பெரிதானால் வீட்டுக்குப் போகச் சொல்வார். பக்கத்துக் கொட்டகையில் மாடுகள் நனையாமல் நிற்கும். நாங்கள் நனைந்துகொண்டு போவோம்."

நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஓர் அடைமொழிகூட இல்லை! கதிரவன் எங்கே? அவன் பொற்கரங்கள் எங்கே?

"என்ன இது?" என்றேன்.

"எங்க பள்ளிக்கூடம் சார்."

"மாதிரியில இப்படியா இருக்கு?"

"இல்ல சார். ஆனா மெய்யாவே ஒழுவுது லா சார்."

"வெளியில ஒழுவலாம். கட்டுரையில ஒழுவக் கூடாது!"

சிவப்பு மையைத் திறந்தேன். 'ஏழு இடத்தில் ஒழுகும்' என்பதற்குப் பக்கத்தில் 'உண்மைக்குப் புறம்பானது. நீக்குக' என்று எழுதினேன். குடைக்குப் பக்கத்தில் 'ஆசிரியரை இழிவுபடுத்தும் கற்பனை'. இருபதுக்குச் சுழியம் போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டேன். பிறகு மாதிரியைப் பத்து முறை எழுதிவரச் சொன்னேன். முதல் இரண்டு முறை காகிதத்தில் கண்ணீர்க் கறை இருந்தது. பத்தாவது முறை எழுத்து முத்து முத்தாக இருந்தது. இதைத்தான் கல்வித் துறையில் நாங்கள் 'முன்னேற்றம்' என்கிறோம்.

அந்த வருஷக் கடைசியில் மழை பேயாகக் கொட்டியது. கூரையை மாற்றாவிட்டால் அடுத்த ஆண்டு பள்ளி நடக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துச் சிபாரிசு செய்தால் அரசாங்கமே புதுக் கூரை போட்டுத் தரும், இல்லையென்றால் பூட்டுதான். பூட்டினால் பிள்ளைகள் நாலாபக்கமும் சிதறிப்போவார்கள். சிவகாமசுந்தரியின் அப்பா, "தூரத்துப் பள்ளிக்கெல்லாம் பொண்ண அனுப்ப மாட்டேன், வீட்டோட இருக்கட்டும்" என்று என்னிடமே சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் துரைசாமி வந்த அன்று பார்த்துக் கதிரவன் தன் பொற்கரங்களை மெய்யாகவே நீட்டிவிட்டான். வானத்தில் மேகத் துணுக்குகூட இல்லை.

"ஒரு வாரமா ஊத்துன மழை இன்னிக்கு எங்க மாஸ்டர் போச்சு?" என்று பல்லைக் கடித்தார் ஹனீபா. பள்ளிக் குழுவின் தலைவர் அவர். பஃபலோ ரோட்டில் மசாலைக் கடை வைத்திருந்தார்.

"ஓட்டையாச்சும் தெரியணுமே, அதுவும் காணோம்?" என்று மேலே பார்த்தார். ஏழு ஓட்டைகள் இருந்த இடத்திலும் ஏழு வண்ணக் காகிதப் பூக்கள் சிரித்தன. சிறப்பு விருந்தினர் வருகிறாரே என்று முந்தின நாள் இரவல் ஏணி போட்டு நான்தான் ஒட்டினேன்; ஏணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இன்ஸ்பெக்டர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பெரியவங்க ஆயிரம் சொல்வாங்க. பிள்ளைங்க பொய் எழுதாது. கட்டுரை நோட்டக் கொண்டாங்க."

முப்பத்தொரு நோட்டுகளையும் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் கடைசியாக எழுதிய 'எங்கள் பள்ளி'யைப் படித்தார். முப்பத்தொரு கதிரவன்கள், முப்பத்தொரு வானளாவிய மாளிகைகள். ஓர் எழுத்துப் பிழை இல்லை! என் நெஞ்சு விம்மியது. வாழ்நாளில் அதைவிடப் பெருமையாக நான் நின்றதில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "முப்பத்தொரு பிள்ளைங்களும் மாளிகைன்னு எழுதியிருக்கு. மாளிகைக்கு எதுக்கு மாஸ்டர் புதுக் கூரை?"

ஹனீபா என் காதருகே வந்து, "பள்ளிக்கூடத்த நீங்களே பூட்டிட்டீங்க மாஸ்டர்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சுழியம் ஞாபகம் வந்தது. சிவகாமசுந்தரியின் நோட்டைப் பிடுங்கி, பழைய பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். முதல் முறை அவள் பென்சில் எழுத்தை. இரண்டாம் முறை என் சிவப்பு மையை.

"'உண்மைக்குப் புறம்பானது.' இது யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"அப்ப ஒழுவலையா?"

"ஒழுவுது சார்."

"பின்ன இது?"

"அது... இலக்கிய நோக்கில் எழுதினது சார்."

அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். தன் முன்னாலேயே உட்கார்ந்து 'எங்கள் பள்ளி'யைப் பற்றி எழுதச் சொன்னார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணால் கூரையைக் காட்டினேன். கையால் மழை பெய்து காட்டினேன். அவள் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு, நிமிராமல் எழுதினாள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார்.

"கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டும் இனிய காலைப் பொழுதில்..."

ஒரு சொல் பிசகவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு ஒழுவுதுன்னு எழுதியிருக்கியே?"

"அதுக்கு சைபர் சார். இதுக்குத்தான் முழு மார்க்கு. எங்க சார்கூட மேல காட்டுனாரு, 'வானளாவிய' விட்டுப்போச்சோன்னு. கையில பொற்கரம்கூடச் செஞ்சு காட்டுனாரு."

ஹனீபா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "சரி மாஸ்டர், நீங்களே எழுதுங்க. கூரை எப்படி இருக்கு, பத்து வரி. கையெழுத்துப் போட்டுக் குடுத்தா சிபாரிசு பண்றேன்" என்றார்.

பதினாறு வருஷமாகக் கட்டுரை கற்பித்தவனுக்குப் பத்து வரி ஒரு பொருட்டா? உட்கார்ந்தேன். 'கதிரவன்' என்று எழுதி அடித்தேன். 'வானளாவிய' என்று எழுதிக் காகிதத்தையே கசக்கினேன். இன்ஸ்பெக்டர் ஒரு கோப்பி குடித்து முடித்தார். ஹனீபா இன்னொன்று வரவழைத்தார். மூன்றாவது காகிதம் வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு, பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றுகிற நான், சிவகாமசுந்தரியின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதினேன். ஏழு ஒழுகல், ஆறு வாளி, குடை, மாடு எல்லாம் எழுதினேன். முன் பெஞ்சிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, என் மடியிலிருந்த நோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுதான் மாஸ்டர் எழுத்து! ஒரு வார்த்தை அதிகமும் இல்ல, குறைவும் இல்ல. எங்க கத்துக்கிட்டீங்க?"

"அனுபவம் சார்" என்றேன், பணிவாக.

தைப்பூசத்துக்கு முன்னால் புதுக் கூரை வந்துவிட்டது. பள்ளி பிழைத்தது; அதே பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலும் நானே வாத்தியார். நானும் திருந்தினேன். பொன்வார்ப்பு முறையைக் கைவிட்டு, அதனினும் சிறந்த 'மெய்வார்ப்புக் கட்டுரை முறை'யைக் கண்டுபிடித்தேன். இனி உண்மையைத்தான் எழுத வேண்டும். எந்த உண்மையை என்று பிள்ளைகள் திண்டாடக் கூடாதல்லவா? என் அறிக்கையையே சைக்ளோஸ்டைல் செய்து கொடுத்துவிட்டேன். பிடோக் பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்து பிரதி வாங்கிப் போனார்கள். புத்தம் புதுக் கூரைக்குக் கீழே, முப்பது பிள்ளைகள் 'மழை பெய்தால் ஏழு இடத்தில் ஒழுகும்' என்று பிழையில்லாமல் எழுதினார்கள். முப்பது பேருக்கும் முழு மார்க்கு.

முப்பத்தோராவது நோட்டில் இப்படி இருந்தது:

"எங்கள் பள்ளிக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. இப்போது ஓர் இடத்திலும் ஒழுகவில்லை. வாளிகளில் செடி வைத்திருக்கிறோம். கூரைக்காகச் சார் எழுதியது, என் நோட்டைப் பார்த்து எழுதியது."

"மாதிரியில ஏழு இடத்துல ஒழுவுதேம்மா" என்றேன்.

"இப்ப ஒழுவலையே சார்" என்றாள்.

சிவப்பு மையைத் திறந்தேன். முதல் மூன்று வாக்கியங்களுக்கு 'மாதிரியிலிருந்து விலகியுள்ளது' என்று எழுதினேன். நான்காவதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், அடிக்கோடு மட்டும் போட்டேன்.

ஆகவே பெருமையோடு அறிவிக்கிறேன்: இரண்டு முறை உண்மையை எழுதி, இரண்டு முறையும் சுழியம் வாங்கிய மாணவி சிங்கப்பூரிலேயே என் வகுப்பில்தான் இருந்தாள். மார்க்குப் போட்டவனும் நான்தான்.