மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட சாமி

சேந்தமங்கலத்திலிருந்து தினமும் ரோமுக்குப் போய்வந்த ஒரே மனிதர் எங்கள் ரோமாபுரி வாத்தியார்தான். பஸ் ஏற மாட்டார். ஒரு படத்தைப் பார்த்தபடியே போய்விடுவார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

எழுபதுகளில் அவர் வரலாற்று ஆசிரியர், நான் தமிழாசிரியர். அவரோடு ஒரே அறையில் குடியிருந்த புண்ணியவான் நான்தான். சேலத்துப் பாதிரியார் ஒருவர் கொடுத்த படம் அது. பழைய ரோமானியர்கள் குகைக்குள் ரகசியமாகக் கும்பிட்ட மித்ராஸ் என்ற சாமியின் சிற்பம். சாமி காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, மூக்கைப் பிடித்து இழுத்துக் கத்தியை இறக்குகிறது. ரத்தத்துக்கு நாயும் பாம்பும் தாவுகின்றன. கீழே ஒரு தேள். காளையின் வால் நுனியிலோ கோதுமைக் கதிர்! அந்தக் கதிரைக் காட்டும்போது அவர் குரல் நடுங்கும்.

மெஸ்ஸில் இட்லியை அடுக்கிக் காளை செய்வார். சாம்பார் ரத்தமாக ஓடும். சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து, நாற்காலி மேல் முழங்காலை ஊன்றிக் காட்டினார். கத்தியோடு நின்ற சவரக்காரர்தான் பயந்துபோனார்.

ஒரே ஒரு சந்தேகம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"புலவரே, நாய் சரி, பாம்பு சரி. குத்தற சாமி மாட்டைப் பாக்காம ஏனுங்க மூஞ்சியத் திருப்பிக்கிச்சு?"

"கழுத்து சுளுக்குங்க சார்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு அந்தப் படத்தை வகுப்பறையில் மாட்டினார். வந்தது வினை. காளை வளர்க்கும் ஊரில் காளையைக் குத்தும் படமா? பெற்றோர் திரண்டு வந்தார்கள். "ஒண்ணு படம் இருக்கணும், இல்லாட்டி நீங்க இருக்கணும்" என்றார் தலைமையாசிரியர். ரோமாபுரி படத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"தள்ளுங்க வாத்தியாரே" என்று ஒரு பெரிய விவசாயி கிழிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"இது அவன் வளத்த மாடுங்க."

"எப்படிங்க சொல்றீங்க?" என்றார் ரோமாபுரி.

"அடுத்தவன் மாடுன்னா பாத்துக்கிட்டே குத்தியிருப்பான். எங்கூட்டுக் காளைய சந்தையில கைமாத்தி உட்டப்ப நானும் இப்படித்தானுங்க நின்னேன்."

சொல்லிவிட்டுத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ரோமாபுரி சுண்ணக்கட்டி ஒட்டிய கையால் அவரைக் கும்பிட்டார். இத்தனை வருஷமும் ரோமுக்குப் போனவருக்கு விடை உள்ளூரிலேயே இருந்திருக்கிறது. படத்தை யாரும் தொடவில்லை.

மறுவருஷம் அவருக்கு மேட்டூருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஜன்னலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வாரனுங்க புலவரே" என்றார்.

நான் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.