மூடியில் எழுதாதது

டின்திருத்தி என்றொரு இனம் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது வசிக்கும். பெரும்பாலும் ஆண். அறுபதைத் தாண்டியது. அரைக்கால் சட்டை அணிவது. வீட்டில் பீர் செய்வதற்கென்று கடையில் விற்கும் டின்னை வாங்கி வருவதும், வாங்கி வந்த டின்னைத் திருத்துவதும்தான் அதன் வாழ்க்கை.

டின்னில் அப்படி என்ன இருக்கிறது? தார் மாதிரி மால்ட் பாகு, அதாவது முளைவிட்ட பார்லியைக் காய்ச்சியது. மூடிக்கு அடியில் ஒரு ஈஸ்ட் பொட்டலம். மூடியின்மேல் ஆறே வரியில் செய்முறை: பாகைக் கொட்டு, ஒரு கிலோ சர்க்கரை போடு, இருபத்து மூன்று லிட்டர் வரை தண்ணீர் ஊற்று, ஈஸ்ட்டைத் தூவு, மூடு, ஒரு வாரம் சும்மா இரு. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்துவிடலாம். ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதுதான் டின்திருத்தியால் ஆகாத காரியம்.

வயாலா என்ற ஊரில், உருக்காலையில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ் பார்ட்ரிக் இந்த இனத்தின் தலைமகன். டின்னைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார். மூடியில் இருப்பதைக் குழந்தைப் பாட்டுப் போல ராகம் போட்டுப் படிப்பார். ஈஸ்ட்டை "இது கம்பெனிக்காரன் கண்துடைப்பு" என்று முணுமுணுத்தபடியே தூவிவிட்டுக் காலிப் பொட்டலத்தை இழுப்பறையில் எறிவார் (அந்த இழுப்பறையில் தொண்ணூற்று நான்கு காலிப் பொட்டலம் இருந்தது). பிறகு காப்பிக் கொட்டை, வறுத்த ஓட்ஸ், கொத்துமல்லி விதை, ஒருமுறை பீட்ரூட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு, ஒரு மாதம் கழித்து ஒரு கோப்பையை உங்கள் கையில் திணித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பீர் நன்றாக இருந்தால் அவர் கை. இல்லாவிட்டால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்.

ஒரே ஒருமுறை, ஊர்ப் பொருட்காட்சியில் அவருடைய பீருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதையே மறுபடி செய்யப் பதினோரு வருடம் முயன்றார். முடியவில்லை. என்னென்ன சேர்த்தார் என்று எழுதிவைத்த பக்கத்தின்மேல் அந்த பீரே கொட்டிவிட்டது.

அவருக்கு ஒரே மகள், பெலிண்டா. அதே ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். மூடியில் இருப்பதை அப்படியே செய்துபார்த்தால் என்ன என்று ஒருநாள் கேட்டாள்.

"டின்னுங்கிறது ஒரு ஆரம்பந்தான், கண்ணு. அதுக்கு மேல நம்ம கை படணும்" என்றார் டெஸ். அதோடு விட்டாரா? தன் சாம்பலைக் கடலில் போடுகிற அன்றைக்கு யாராவது கடை பீரைக் குடித்தால் எழுந்து வந்து தட்டிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார்.

தொண்ணூற்று நான்காவது ஈடு பீரைப் பீப்பாயில் ஊற்றிய நான்காம் நாள் காலை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் தொட்டியோடு சாய்ந்தார். இதயம். எழுபத்தொரு வயது.

கொட்டகையில் இருந்த பீப்பாய்க்குச் சேதி தெரியாது. குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது.

சாம்பல் கரைக்க நாள் குறித்தார்கள். அது பீரின் இருபத்தெட்டாம் நாள். புட்டியில் அடைத்த பீர் பக்குவப்பட இரண்டு வாரம் வேண்டும். ஆகவே பதினான்காம் நாளுக்குள் அடைத்தாக வேண்டும். அப்பா கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான், பெலிண்டா செய்யக்கூடியதும் அது ஒன்றுதான். தினமும் காலையில் கொட்டகைக்குப் போய் ஒரு குவளை பீரை வடித்து, அதில் அடர்த்திமானியை மிதக்கவிட்டாள். இனிப்பை ஈஸ்ட் தின்னத் தின்ன பீர் இளகும். கண்ணாடி மிதவை நாளுக்கு நாள் கீழே இறங்கும், அது காட்டும் எண்ணும் குறையும். இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால் புட்டி வெடிக்கும்.

நான்காம் நாள், அப்பா பீப்பாயில் குறித்துவைத்திருந்தது, பதினெட்டு. ஐந்தாம் நாள் பதினான்கு. ஆறாம் நாள் பதினெட்டு.

கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பதினெட்டுதான். வெறும் தண்ணீரில் விட்டுக் கருவியையே சோதித்தாள். கருவியில் பிழையில்லை. ஏழாம் நாள் பதினைந்து. எட்டாம் நாள் பத்தொன்பது. பீப்பாயின் மூடியைத் திறந்தாள். மேலே ஆரஞ்சுத் தோல் மிதந்தது.

கொட்டகைச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். அது ஊருக்கே தெரியும்.

அன்று மத்தியானம் மூன்று பேரைச் சமையலறை மேசைக்கு வரவழைத்தாள். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை கற்றுக்கொடுத்த லாய்ட். மீன் வறுவல் கடை ஸ்பிரோ. அப்பாவின் அக்கா வால் அத்தை. பீர் வாடையே ஆகாது என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவருபவர். மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பெலிண்டா நாள்வாரி அளவுகளை வைத்துத் தான் வரைந்த வரைபடத்தை நடுவில் வைத்தாள்.

"பீர் தானா கனக்காது" என்றாள். "ரெண்டு தடவை கனத்திருக்கு. யாரு?"

லாய்ட் தொண்டையைச் செருமினார். "ஒரு ஸ்பூன் தேன், பெல். அவ்வளவுதான்."

"அரைக் கிலோ, லாய்ட். கணக்குப் போட்டுட்டேன்."

"சின்ன ஸ்பூன்னு நான் சொல்லலையே."

ஆரஞ்சுத் தோல் தன்னுடையதுதான் என்று ஸ்பிரோ தானே முன்வந்தார். டெஸ் போன மாதம் அதைப் பற்றிப் பேசினானாம். பேசினானா, தான் பேச அவன் தலையாட்டினானா என்று இப்போது சரியாக நினைவில்லையாம். இரண்டாவது ஏற்றத்துக்கு ஆள் யார் என்று மூன்று பேரும் வால் அத்தை பக்கம் திரும்பினார்கள். அத்தை கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் சர்க்கரைப்பாகு ஊத்தினேன். சின்ன வயசுல ரொட்டிக்குத் தொட்டுக்க அது இல்லாம சாப்பிடவே மாட்டான்."

பெலிண்டா கோபப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அப்பாவின் நோட்டை எடுத்து வந்தாள். அவர் இறந்த அன்றுதான் அதைப் படித்திருந்தாள். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஒன்றே: 'இந்தத் தடவை மூடியில் இருப்பது மட்டும்.' அடுத்த வரி வேறு மையில்: 'கொஞ்சம் தேன்.' 'கொஞ்சம் காப்பி.' 'பீட்ரூட், இனி வேண்டாம்.' தொண்ணூற்று மூன்று பக்கமும் இப்படித்தான், ஒன்றில் மட்டும் இரண்டாவது வரி பீர் கொட்டி அழிந்திருந்தது. தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் முதல் வரி மட்டும் இருந்தது.

"இந்த ஒரு தடவைதான் சொன்னபடி செஞ்சிருக்கார்" என்றாள். "அதை அப்படியே அடைச்சுக் கொடுக்கணும்னு நெனச்சேன்."

ஸ்பிரோ தன் கைகளைப் பார்த்தார். வால் அத்தை மூக்கைச் சிந்தினார். லாய்ட் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டினார், நிறுத்தினார், மறுபடி புரட்டினார்.

"பெல், அளவுக்காரி நீ. ஓரத்துல நாள் போட்டிருக்கானே, பாத்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. எண்களோடு வாழ்கிறவள், எழுத்தை மட்டும் படித்திருந்தாள். இரண்டாவது வரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடியாக ஒரு குறிப்பு. ஐந்தாம் நாள். ஐந்தாம் நாள். ஐந்தாம் நாள். தொண்ணூற்று மூன்று முறை.

"நாலு நாள்தான் அவனுக்குத் தாங்கும்" என்றார் லாய்ட். "அஞ்சாம் நாள் பொழுது சாஞ்சுது. என்னால வீட்டுல இருக்க முடியல. யாராவது போய் எதையாவது போட்டாகணுமே?"

பெலிண்டா சிரித்தாள். அப்பா போனபின் அவளுக்கு வந்த முதல் சிரிப்பு. அது முடியும் இடம் வேறு மாதிரி இருந்தது. வால் அத்தை தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது ஏற்கெனவே ஈரம். பெலிண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். இரண்டாவது வரி எழுதினாள்: 'தேன், ஆரஞ்சுத் தோல், சர்க்கரைப்பாகு.' எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் உறைபெட்டியைத் திறந்து, பட்டாணிக்குப் பின்னால் அப்பா ஒளித்துவைத்திருந்த ஹாப்ஸ் பொட்டலத்தை எடுத்து வந்தாள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பச்சை நிறப் பொடி உருண்டைகள். பிரித்தால் தோட்டமே மணக்கும்.

"அரைப் பொட்டலமா, முழுசா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று பதில் சொன்னார்கள். சண்டை சாயங்காலம் வரை ஓடியது.

பதின்மூன்றாம் நாள் பதினொன்று. பதினான்காம் நாள் பதினொன்று. அன்றே முப்பது புட்டி அடைத்தாள்.

சாம்பல் கரைத்த அன்று கடல் தகடு போலக் கிடந்தது. படகுத்துறை முனையில் நின்றுகொண்டு ஆளுக்கொரு புட்டி திறந்தார்கள். மூக்குக்கு ஆரஞ்சுத் தோட்டம். நாக்குக்கு இருமல் மருந்து. தொண்டையில் இறங்கும்போது ஏதோ நனைந்த கம்பளி.

"டெஸ் பீரேதான்" என்றார் வால் அத்தை.

"படுமோசம்" என்று ஆமோதித்தார் லாய்ட், இன்னொரு புட்டிக்குக் கையை நீட்டியபடி.

ஸ்பிரோ நாக்கைச் சப்புக்கொட்டினார். "அடிப்படை நல்லாதான் இருக்கு. ஆனா..."

பெலிண்டாவின் கை அதற்குள் சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ரவா தோசை மாவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தை என்றைக்காவது கடைசி வரை படித்திருக்கிறீர்களா? நூடுல்ஸில் இரண்டு பல் பூண்டும் ஒரு பச்சை மிளகாயும் கிள்ளிப் போட்டுவிட்டு, 'இது என் பக்குவம்' என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? சரி, போகட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, இந்த இடத்தில் ஒரு வரி கூட்டியிருந்தால் தூக்கலாக இருந்திருக்குமே என்று எங்கேயாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் பேனாவைத் தயவுசெய்து கீழே வையுங்கள்.

நாலு நாளைக்காவது.