ஒரு பிளகின் எழுதிட்டா போதும்

பிளகின் ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. படங்களைத் திருத்துகிற மென்பொருள் இருக்கிறதல்லவா, முகப்பருவை மறைக்கவும், மங்கலான படத்தைப் பளிச்சென்று ஆக்கவும், கூட நின்ற வேண்டாத உறவினரை ஓசைப்படாமல் வெட்டி எடுக்கவும் உதவுமே, அதோடு ஒட்டிக்கொண்டு கூடுதலாக ஒரு வேலையைத் தானாகவே செய்து தருகிற குட்டி நிரலுக்குத்தான் பிளகின் என்று பெயர். அதை எழுதுகிறவர்தான் நம் ஆசாமி. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். நல்லவர். யார் வம்புக்கும் போகமாட்டார். நீங்கள் அவரிடம் ஒரு வேலையைக் கொடுக்காத வரைக்கும் அவரால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

கொடுத்துத்தான் பாருங்களேன். "இந்தப் படத்துல என் தலைக்கு மேல ஒரு கம்பி போகுது, அதை மட்டும் அழிச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மற்றவராக இருந்தால் அழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நம் ஆசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

"இந்த மாதிரி கம்பி இருக்கிற படம் எத்தனை வெச்சிருக்கீங்க?"

"இது ஒண்ணுதான்."

"இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு?"

இந்த 'நாளைக்கு?' இருக்கிறதே, அதில்தான் ஆளின் உயிரே இருக்கிறது. இன்றைய கம்பி அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. நாளை மறுநாள் உலகமெங்கும் யார் யார் தலைக்கு மேலெல்லாம் கம்பி போகப் போகிறதோ, அத்தனை பேருடைய பாரத்தையும் தன் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரு பிளகின் எழுதிட்டா போதும், அப்புறம் ஒரே ஒரு தட்டுதான்" என்று சொல்லி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் எழுந்திருப்பாரா? அதைத்தான் கேட்கக் கூடாது.

முதலில் அந்தப் பிளகினுக்குப் பெயர் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீட்டில்கூட இவ்வளவு யோசனை நடக்காது. பிறகு அதற்கு ஒரு சின்னம் வரைய வேண்டும். பிறகு இப்படியும் அப்படியும் நகர்த்துகிற பட்டை ஒன்று வேண்டும். 'பயனருக்கு வசதி'யாக இருக்குமாம். யார் அந்தப் பயனர்? இதுவரை அவர் ஒருவர்தான். அப்புறம் 'இதை உருவாக்கியவர்' என்று தன் பெயர் மெல்ல மிதந்து வருகிற ஒரு பெட்டி. இவ்வளவும் முடிகிறபோது கம்பி அங்கேயே இருக்கும். நீங்கள்தான் இருக்கமாட்டீர்கள், வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

ஒருவழியாக எழுதி முடித்தால், அந்தப் படத் திருத்தி மென்பொருளின் புதிய பதிப்பு வந்துவிடும். வந்ததும் முதல் வேலையாக இவருடைய பிளகின்களையெல்லாம் 'யார் நீ?' என்று கேட்கும். இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத ஆரம்பிப்பார், முன்பைவிட உற்சாகமாக. ஏதோ ஒரு தேசத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில், 'உங்கள் பிளகினைப் போட்டதும் என் கணினி நின்றுவிட்டது' என்று திட்டி எழுதினால் இவருக்குத் தலைகால் புரியாது. "பாத்தியா, நம்ம பிளகினை ஒருத்தர் போட்டுப் பாத்திருக்கார்!" என்று தெருவுக்கே சொல்வார்.

எனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். என் கடைக்குப் பக்கத்துக் கடை ஒரு ஸ்டூடியோ. அதை நடத்துவது ஓர் அக்கா. படங்களைத் திருத்துவது அவருடைய தம்பி. அந்தத் தம்பிதான் நான் சொல்கிற ஆசாமி. தங்கமான பையன், அதையும் சொல்லிவிட வேண்டும். அவனுடைய அம்மா மங்கிப்போன தன் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தரச் சொல்லிக் கேட்டார். பழைய படங்களைத் தெளிவாக்கும் பிளகின் இன்னும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. "எனக்கு அதெல்லாம் வேண்டாம்டா, படம் போதும்" என்று அந்த அம்மாளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் தலைமையாசிரியையின் பல் விவகாரம் வந்தது.

எங்கள் தெருமுனைப் பள்ளியில் வருஷா வருஷம் குழந்தைகளோடு ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களெல்லாம் பள்ளி வராந்தாவில் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் நடு நாற்காலியில் தலைமையாசிரியை, விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒன்றிலாவது சிரித்ததில்லை. இந்த வருஷத்தோடு அவருக்கு ஓய்வு. கடைசிப் படத்தை எடுக்கிற நேரத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று ஊரே அதிர ஒரு தும்மல் போட்டது. அவர் சிரித்துவிட்டார். அதுவும் சும்மா அல்ல, வாயெல்லாம் பல்லாக. அக்கா அந்த நொடியை அப்படியே பிடித்துவிட்டார்.

ஆனால் கேமராவுக்குள் எங்கோ ஒரு துளி தூசி. அது படத்தில் எங்கே போய் உட்கார வேண்டும்? சரியாக அவருடைய முன்பல்லில். பார்த்தால், பாவம், ஒரு பல் விழுந்தவர் மாதிரி இருந்தார். மறுபடி எடுக்கலாமென்றால் குழந்தைகளைக் கூட்டிவிடலாம், அந்தச் சிரிப்பை எங்கே போய்க் கூட்டி வருவது? மாலையில் பிரிவு விழா. மேடையில் வைக்க அந்தப் படம் வேண்டும். வாங்கிப்போக அவரே வருவதாகச் சொல்லியிருந்தார். போனில் ஒருமுறைக்கு இருமுறை, "நல்லா வந்திருக்கா? நான் எப்படி இருக்கேன்?" என்று வேறு கேட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லையாம்.

"தம்பி, அந்தப் பல்லுல இருக்கிற புள்ளியை மட்டும் எடுத்துடுடா" என்றார் அக்கா, காலையில் கடை திறந்த கையோடு.

"ஒரு புள்ளிதானா அக்கா? கேமராவுல தூசி இருந்தா எல்லாப் படத்துலயும்தானே விழும்?"

"விழும்தான். இப்போ இது."

"நாளைக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் கடைக்கு வந்து ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மதியம் நான் எட்டிப் பார்த்தபோது பிளகினுக்குப் பெயர், சின்னம், பட்டை, பெட்டி எல்லாம் ஆகியிருந்தது. "அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க, பாருங்க" என்று தம்பி ஒரு தட்டுத் தட்டினான். பார்த்தேன். படத்தில் ஒருவருக்காவது கருவிழி இல்லை. பள்ளிக்கூடம் மொத்தமும் வெள்ளை விழியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னதா, கறுப்பா, சுத்தியிருக்கிற நிறத்தோட ஒட்டாம இருக்கிறதெல்லாம் தூசின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று தம்பி விளக்கினான். "கண்ணை விட்டுடுன்னு சொல்ல மறந்துட்டேன். அது மேல தப்பே இல்ல, அண்ணே. சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

கண்ணை விட்டுவிடச் சொன்னான். கண்கள் திரும்பி வந்தன. இப்போது சட்டைகளில் பட்டன்களைக் காணோம். ஆசிரியர்கள், குழந்தைகள், ஓரத்தில் நின்ற காவலாளி, எல்லோருடைய பட்டனும் மாயம். கணக்கு வாத்தியாரின் கன்னத்து மச்சமும் போய்விட்டது. அவர் பத்து வயது குறைந்து தெரிந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் போயிற்றே, முன்பல்லில் இருந்த புள்ளி? அது மட்டும் ஜம்மென்று அங்கேயே இருந்தது.

"வாய்க்குள்ள இருட்டா இருக்கிறது சகஜம்தானேன்னு அது விட்டுடுச்சு" என்று பெருமையாகச் சொன்னான் தம்பி. "எவ்வளவு புத்தி பாருங்க!"

"டேய், மேடம் வர்ற நேரமாச்சு" என்றார் அக்கா.

"இதோ அக்கா. வாய்க்குள்ளயும் பாருன்னு ஒரு வரி சேத்துட்டா போதும்."

சேர்த்தான். தட்டினான். புள்ளி போய்விட்டது! தம்பி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். அப்போதுதான் நான் கவனித்தேன்: புள்ளியோடு வாய்க்குள் இருந்த இருட்டு முழுவதையும் தூசி என்று துடைத்துவிட்டு, இரண்டு உதடுகளையும் பக்குவமாக ஒட்டி வைத்திருந்தது பிளகின். நடு நாற்காலியில் விடைத்தாள் திருத்துகிற அதே பழைய முகம்.

வாசல் கதவு திறந்தது. தலைமையாசிரியை நேரே திரைக்கு முன்னால் வந்து நின்றார். நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அன்னிக்கு நான் சிரிச்ச மாதிரி ஒரு ஞாபகம்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "இல்லையோ?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனைக்கும் எனக்கு விஷயம் தெரியும்.

"சிரிச்சீங்க மேடம், சிரிக்காம என்ன?" என்று சொல்லிக்கொண்டே அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். காலையில் அவர் கொடுத்து, நான் சட்டம் போட்டுத் தந்த படம். கண், பட்டன், மச்சம் எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நடுவில் வாயெல்லாம் பல்லாகத் தலைமையாசிரியை. ஒரு புள்ளி இல்லை.

"இது நானா?" என்றார் அவர். கேட்டுக்கொண்டே, படத்தில் இருந்தது போலவே சிரித்தார்.

"எப்பக்கா இதைப் பண்ணின?" என்றான் தம்பி.

"நீ அதுக்குப் பேரு வெச்சிட்டு இருந்தப்போ. தூரிகையால ஒரு தொடு, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா இதை விட்டுட்டு மத்த படத்துலயெல்லாம் அந்தப் பிளகினைப் போட்டுப் பாத்திருப்பே."

தம்பி விசைப்பலகையைத் தள்ளி வைத்தான். இத்தோடு ஆள் திருந்திவிட்டான் என்று நானும் அக்காவும் நம்பிய அந்தக் கணத்தில், தலைமையாசிரியை திரையையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. எனக்கு அந்தப் பளபளப்பைத் தெரியும்.

"தம்பி, இது சிரிப்பை எடுக்குது, இல்லையா? அப்படீன்னா திருப்பிப் போட்டா சிரிக்க வைக்குமா? வராந்தாவுல என் படம் வரிசையாத் தொங்குது. ஒண்ணுலயும் நான் சிரிக்கலையே."

தம்பி நிமிர்ந்தான். மழை கண்ட செடி மாதிரி நிமிர்ந்தான்.

"ஒரு பிளகின் எழுதிட்டா போதும், மேடம். உக்காருங்க. முதல்ல அதுக்கு ஒரு நல்ல பேரா சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தே விட்டார். அங்கே மேடையில் மொத்தப் பள்ளிக்கூடமும் காத்திருக்கிறது என்று சொல்லி அவரை எழுப்பி அனுப்புவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போகட்டும். கடைசியாக உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பட்டன்கள் காணாமல் போன இடத்தைப் படித்தீர்களே, அப்போது தலைமையாசிரியையை நினைத்து உங்களுக்குக் கவலை வந்ததா? அல்லது, 'ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் இருக்கிற புள்ளிகளை விட்டுவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கலாமே' என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், கொஞ்சம் எழுந்து போய், எப்போதோ உங்களிடம் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவசரமே இல்லை, மெதுவாகப் போங்கள். அவர்கள் அதை வேறு யாரிடமோ கொடுத்துச் சரிசெய்து, சட்டமும் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.