ஈ ஓட்டிய சிலந்தி

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே இலுப்பை மரத்தில், வடிவாம்பாள் என்ற சிலந்தி குடியிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு கம்பெனிக்கு, இக்கரையில் இருந்தபடியே வெப்சைட் டிசைன் செய்து கொடுப்பது அவள் உத்தியோகம். வலை பின்னுவது குலத்தொழில்தான். ஆனாலும் இன்டர்வியூ வைத்துத்தான் எடுத்தார்கள். சம்பளம், பொட்டலம் கட்டிய கொசு. வயிற்றோடு முட்டைப் பை வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை போனால் பாழடைந்த பங்களாவின் குளியலறை மூலைக்குத்தான் குடிபோக வேண்டும். அங்கே பிள்ளை வளர்க்க அவளுக்கு மனமில்லை.

வடிவாம்பாளுக்கு ஒரு பழக்கம். அசையாமல் உட்கார்ந்து யோசிப்பாள். மயிலின் நாட்டியப் பள்ளிக்கு முகப்புப் பக்கம் செய்தபோது, ‘சேர விரும்புவோர் இங்கே அழுத்தவும்’ என்ற பொத்தானை எங்கே வைப்பது என்று பொழுது சாய்கிறவரை அசையவில்லை. பிறகு எட்டுக் காலாலும் பாய்ந்து ஒரே மூச்சில் முடித்தாள். மயிலுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது.

மேனேஜருக்கு வரவில்லை. மேனேஜர் ஓர் ஓணான், பெயர் பரந்தாமன். எதற்கும் தலையை ஆட்டுவதுதான் அவருடைய நிர்வாகத் திறமை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஏமாற்றாமல் இருக்க, ஒவ்வொருவர் வலையிலும் ஒரு விளக்கைக் கட்டிவிட்டிருந்தார். நூல் ஆடினால் பச்சை, ஆடாவிட்டால் சிவப்பு.

"என்னம்மா வடிவு, நாள் பூரா சிவப்பு எரியுது? வீட்ல உக்காந்து ஈ ஓட்டுறியா?"

"யோசிச்சிட்டு இருந்தேன் சார்."

"யோசனையெல்லாம் ஆபீஸ் முடிஞ்சு வச்சுக்க. கம்பெனிக்குத் துடிப்பான ஆளுதான் வேணும். திங்கட்கிழமையும் சிவப்பு எரிஞ்சா வேற இடம் பாத்துக்க."

வடிவாம்பாள் முட்டைப் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நூலைத் தானே ஆட்டியும் பார்த்தாள். விளக்கு பச்சையானது, டிசைன் கந்தலானது.

திங்கட்கிழமை காலையில் ஈஸ்வரமூர்த்தி என்கிற ஈ, பராக்குப் பார்த்தபடி வந்து வலையில் மாட்டிக்கொண்டான். உயிர்ப் பயத்தில் அவன் துடித்த துடிப்பில் பச்சை விளக்கு அணையவே இல்லை. ஓணானிடமிருந்து ‘சபாஷ்’ வந்தது.

"அக்கா, என்னைத் தின்னுடாதீங்க!"

"தின்னல. ஆபீஸ் நேரத்துல மட்டும் இப்படியே துடி, சாப்பாட்டுக்கு இடைவேளை உண்டு. நம்ம ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்னு வச்சுக்க. கூட வேலை பாக்குறவங்கள நான் திங்கிறதில்ல."

அவன் துடித்தான், அவள் யோசித்தாள். டிசைன்கள் பிரமாதமாக வந்தன. மாதக் கடைசியில் ‘மிகத் துடிப்பான ஊழியர்’ விருது கொடுக்க ஓணான் வீடியோ காலில் வந்தார். கேமராவின் குறுக்கே ஈ ஆடிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா அது?"

வடிவாம்பாள் வாயைத் திறக்கும் முன் ஈ முந்திக்கொண்டான். "துடிக்கிறது பூரா நான்தான் சார்! அக்கா சும்மாதான் உக்காந்திருப்பாங்க."

ஓணான் தலையை ஆட்டினார். அந்த நிமிடமே வடிவாம்பாளை நீக்கி, அவள் இடத்தில் ஈயைப் போட்டுவிட்டு, இணைப்பைத் துண்டித்தார்.

ஈ நெஞ்சை நிமிர்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. திறமைக்குத்தான் மரியாதை."

"நான் ஏன் தம்பி தப்பா எடுத்துக்கப் போறேன்?" என்றபடி வடிவாம்பாள் பக்கத்தில் வந்தாள். "ஆனா இனிமே நாம ஒரே ஆபீஸ் இல்லையே."

சம்பளக் கொசுவைவிட ருசியாகத்தான் இருந்தான்.

விளக்கு சிவப்பாக எரிந்தது. சேர்ந்த அன்றைக்கே சும்மா இருக்கிறானே என்று ஓணானுக்கு ஆத்திரம். மறுநாளே ‘துடிப்பான டிசைனர் தேவை’ என்று விளம்பரம் போட்டார். முதல் ஆளாக வடிவாம்பாள் விண்ணப்பித்தாள். இன்டர்வியூ முழுக்கப் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஓணான் தலையை ஆட்டினார். கேமராவுக்கு எட்டாத மூலையில் ஒரு கொழுத்த மாட்டு ஈ துடித்துக்கொண்டிருந்தது.

நீதி: வேலையில்லாதவர் ஈ ஓட்டுவார், வேலை நிலைக்க வேண்டும் என்கிறவர் ஈயை வைத்து ஓட்டுவார்.