பன்னிரண்டு நட்சத்திரங்களும் ஒரு மீசையும்

கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவனுக்கு மதிப்பெண் போகும். தப்பாகப் போட்ட கணக்கு வாத்தியாருக்கு என்ன போகும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு மீசை போனது. மீசையோடு அப்பாவும் போய்விட்டதாக ஊர் முடிவு செய்தது. அது பிறகு வருகிறது.

யுத்த காலம். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். பி.ஏ. கணக்கு. இலுப்பூரை ஒட்டிய எங்கள் ஊரில் எனக்கு முன்னால் யாரும் பி.ஏ. படித்ததில்லை. ஆகவே நான் எது சொன்னாலும் சரியா தப்பா என்று பார்க்க ஆள் கிடையாது. ஒரு இளைஞன் கெட்டுப்போக இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்கு மீசை ஒன்று வளர்த்திருந்தேன். விளக்கெண்ணெய் தடவி, முறுக்கி, இரண்டு நுனியும் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தியிருப்பேன். (அதைப் பார்த்தால் பையன்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அவர்கள் குலுங்கியது பயத்தால் என்றுதான் அப்போது நம்பினேன்.)

அதே பள்ளியில் சயன்ஸ் வாத்தியார் அந்தோணி, என் சிநேகிதன். ஒரு நாள் மத்தியானம் சோறு தின்னும்போது அவன்தான் வினையை ஆரம்பித்தான்.

"இருபத்தேழு நட்சத்திரம் இருக்குல்ல. ஒரு கூட்டத்துல யாராச்சும் ரெண்டு பேருக்கு ஒரே நட்சத்திரமா இருக்க, பாதிக்கு மேல வாய்ப்பு வரணும்னா எத்தன பேரு வேணும்?"

வாயிலிருந்த தயிர்ச்சோற்றை விழுங்கும் முன்பே பதில் சொன்னேன். இருபத்தேழில் பாதி பதிமூன்றரை. அரை ஆள் கிடையாது. ஆகவே பதினாலு.

"ஏழு பேரு போதும்" என்றான் அந்தோணி.

நான் சிரித்த சிரிப்பில் சோறு மூக்குக்கு ஏறியது. அவன் தலையில் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "நீ ஒன் நட்சத்திரம் இன்னொருத்தனுக்கு இருக்கான்னே பாக்குற. ஒன்னைய விட்டுட்டு மத்தவங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகக் கூடாதா? ஆள எண்ணாதப்பா, சோடிய எண்ணு."

ஏழு பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் இருபத்தொரு சோடி வரும். சோடி ஒவ்வொன்றும் ஒட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு என்றான். ஒரு தாளின் இரண்டு பக்கமும் பின்னக் கணக்காகப் போட்டு நீட்டினான். நான் வாங்கிக் கை துடைத்தேன். விடையே தப்பு என்று தெரிந்த பிறகு வழியைப் படிப்பானேன்? (வழியைக் காட்டாமல் விடை எழுதிய பையன்களை அன்று காலையில்தான் முட்டி போட வைத்திருந்தேன்.)

இந்தத் தகராறு தீராமல் இருந்தபோதுதான் நார்த்தாமலையில் பெண் பார்க்கப் போனோம்.

பெண் பெயர் மீனாட்சி. அப்பா கடலை வியாபாரி. மீனாட்சியை மாரியம்மன் திருவிழாவில் வளையல் கடைமுன் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான், வந்த மற்ற சாதகங்களையெல்லாம் ஏதாவது குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த இடம் தட்டிப்போனால் சாமியாராகப் போவது என்று முடிவே செய்திருந்தேன். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணுக்கு உத்திராடம், எனக்குச் சதயம், ஒரு குறையும் இல்லை என்று எங்கள் சோசியர் சொல்லிவிட்டார். பார்த்துவிட்டு வந்து தேதி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இரண்டு மாட்டு வண்டியில் ஏழு பேர் போனோம். அப்பா, அம்மா, அக்கா, தாய்மாமா, மாமாவின் சம்சாரம், நான், அந்தோணி. அவர்கள் வீட்டில் ஆறு பேர். அதிரசம் வந்தது. முறுக்கு வந்தது. பெண் வந்து கும்பிட்டுவிட்டு, கதவோரம் தன் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தாள்.

பெண்ணின் அப்பா மரியாதையாக ஆரம்பித்தார். "மாப்ள கணக்குல பெரிய ஆளுன்னு சொன்னாங்க. நாங்க படிக்காதவங்க. எங்களுக்கும் புரியிற மாதிரி ஒன்னு சொல்லுங்களேன்."

பெண்ணைப் பாடச் சொல்வார்களே, அந்த மாதிரி. பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மூலையில் அந்தோணி லேசாகச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. நட்சத்திரப் புதிரை எடுத்துச் சொல்லி, இந்தச் சிநேகிதர் இப்படியெல்லாம் அபத்தமாகப் பேசுகிறார், இங்கேயே நிரூபித்துவிடலாம் என்றேன். அந்தோணியைத் தவிர அங்கே பன்னிரண்டு பேர். "ஒங்க நட்சத்திரம் என்னங்க?" என்று பெண்ணின் அப்பா அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"எங்களுக்கெல்லாம் சேத்து ஒன்னே ஒன்னுதாங்க. அதுவும் மாட்டுக் கொட்டகைக்கு மேல தெரிஞ்சதோட சரி" என்றான் அந்தோணி. ஆகவே அவன் நடுவர் ஆனான்.

நான் மீசையைத் தடவிக்கொண்டே அறிவித்தேன். "பன்னெண்டு பேருக்கும் பன்னெண்டு நட்சத்திரமாத்தான் இருக்கும். ரெண்டு பேருக்கு ஒன்னா இருந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் மீசையை எடுக்கிறான் என்றால் அவனுடைய அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். என் அப்பாவோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் முறுக்கை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"மொதல்ல நான் சொல்றேன். மூலம்."

ஆண் மூலம் அரசாளும் என்பது வழக்கு. அப்பா ஆண்டது இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. இருந்தாலும் நட்சத்திரத்தைச் சொல்லும்போது மட்டும் சிம்மாசனத்திலிருந்துதான் சொல்வார். அவர் சொன்னதும் பெண்ணின் அப்பா இருமினார். அத்தைக்காரி எழுந்து, நிறைந்திருந்த செம்பை எடுத்துப் போய்த் திரும்ப நிறைத்துக்கொண்டு வந்தாள். இதெல்லாம் பின்னால் யோசித்தபோது ஞாபகம் வந்தது. அப்போது என் கவனம் முழுக்க என் மீசைமேல் இருந்தது.

அம்மா ரோகிணி. அக்கா பூசம். மாமா சித்திரை, அவர் சம்சாரம் சுவாதி. நான் சதயம். அவர்கள் பக்கம் உத்திரம், திருவோணம், அசுவினி, மகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அத்தைக்காரி அனுஷம். பதினோரு பேர் முடிந்தது. ஐம்பத்தைந்து சோடி. ஒன்றுகூட ஒட்டவில்லை. அந்தோணி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். நான் மீசை நுனியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். மிச்சம் பெண் ஒருத்திதான். அவளுடையது எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரம்.

"உத்திராடங்க" என்று அத்தைக்காரி அவளுக்காகச் சொல்லிவிட்டாள்.

நான் அந்தோணி பக்கம் திரும்பினேன். என்ன சொல்லி அவனை வெட்கப்படுத்தலாம் என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது கதவோரத்திலிருந்து குரல் வந்தது. சின்னக் குரல். ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

"இல்லங்கத்தை. மூலம்."

ஆண் மூலம் அரசாளும் என்ற அதே வாய்தான், பெண் மூலம் நிர்மூலம் என்றும் சொல்லும். மூலத்துப் பெண் வீட்டுக்குள் காலை வைத்தால் மாமனார் வெளியே போய்விடுவார், அதாவது ஒரேயடியாக. அதனால்தான் அவர்கள் ஊர்ச் சோசியர் சாதகத்தில் கைவைத்திருக்கிறார். பிறப்பை ஒரு நாள் முன்னால் தள்ளினால் கேட்டை, அது புருஷனின் அண்ணனுக்கு ஆகாது. ஒரு நாள் பின்னால் தள்ளினால் பூராடம், அது தாலிக்கு ஆகாது. மனிதர் பார்த்தார். பெற்றவளை மேலும் இரண்டு நாள் வலியில் கிடத்தி உத்திராடத்தில் பிரசவிக்க வைத்துவிட்டார்.

இருக்கிற அறுபத்தாறு சோடியில் ஒட்டியது ஒரே ஒரு சோடி. அது என் அப்பாவும், அப்பாவை அனுப்பிவைக்க வந்தவளும்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பெண்ணின் அப்பா "சம்பந்தி" என்று ஆரம்பித்தார்.

"பொய்ச் சாதகத்தக் குடுத்துப்புட்டு என்னங்க சம்பந்தி? வண்டியப் பூட்டுங்கடா" என்றார் அப்பா.

அந்தக் களேபரத்தில் என் சபதம் யாருக்கும் ஞாபகமில்லை. அந்தோணிகூட நாகரிகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசையோடு வண்டியில் ஏறியிருக்கலாம். ஏறப் போனவன் திரும்பிப் பார்த்தேன். வாசலில் மீனாட்சி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். தன் கல்யாணம் போனாலும் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்ன பெண்ணுக்கு எதிரில், நான் கொடுத்த வார்த்தையை முறுக்கிவிட்டுக்கொண்டு போவதா? அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வீரம் வந்தது. (வீரம் வந்தபோதெல்லாம் எனக்கு நஷ்டம்தான் வந்திருக்கிறது.) நானும் அந்தோணியும் பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லி வண்டிகளை அனுப்பிவிட்டேன்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் நாவிதர் ஒருவர் இருந்தார். மீசையை எடுக்கச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அப்பா எப்பத் தவறுனாங்க தம்பி?"

"இன்னும் இல்லங்க" என்றான் அந்தோணி.

அவர் கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு இந்தக் காரியம் செய்ய மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். நட்சத்திரக் கணக்கு முழுவதையும் அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டுக் கத்தியைத் திரும்ப எடுத்து விரித்தபடி, "ஏழு பேரு போதுமா? இருக்காதே தம்பி, பதினாலு பேராவது வேணும்ல?" என்றார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருந்ததால் சும்மா இருந்தேன்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்கள் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகையில்தான் ஓடின. எங்களுக்குக் கிடைத்த இடம் அந்த அடுப்பை ஒட்டிய கடைசி சீட்டு. புதுக்கோட்டையில் அந்தோணி இறங்கிக்கொண்டான். நான் பஸ் மாறி, இன்னொரு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தேன். வண்டிகள் இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் பார்த்தது செல்லாயி. எங்கள் புஞ்சைக்கு அடுத்த புஞ்சைக்காரி. வரப்புத் தகராறில் அவளும் அப்பாவும் பேச்சு நின்று பல வருஷம். அவள் பார்த்தது இவ்வளவுதான்: காலையில் அப்பாவோடு போனவன் தனியாக வருகிறான். கண் இரண்டும் சிவந்து நீர் வடிகிறது. மீசை இல்லை.

தலைச்சுமையைக் கீழே போட்டாள். "ஏ எங்கண்ணே, போயிட்டியளா" என்று எடுத்த குரலுக்குத் தெருவில் எல்லாக் கதவும் திறந்தது.

"இல்லை, இல்லை" என்று நான் கத்தினேன்.

"ஆமாய்யா, இனிமே இல்லதானே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மேற்கொண்டு நான் பேச முயன்றபோதெல்லாம் வாயில் யாராவது தண்ணீர் ஊற்றினார்கள். பி.ஏ. படித்த தொண்டை ஒப்பாரிக்கு முன்னால் எடுபடாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பச்சை மூங்கில் வெட்டப் போனார்கள். செல்லாயி அப்பாவைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனாள். வரப்பை மிதிக்காத தருமரு, வாய்க்காலைத் திருப்பாத சீமானு. நானே அப்படி ஒரு மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

வண்டிகள் எப்போது வந்து நின்றன என்று யாரும் கவனிக்கவில்லை. அப்பா இறங்கி, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். செல்லாயி மூச்சு வாங்க நிறுத்தியபோது பக்கத்தில் நின்றவனிடம் கேட்டார்.

"யாருப்பா செத்தது? ரொம்ப நல்ல மனுசனா இருப்பாரு போல."

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்து ஓடினான். சற்று நேரத்தில் தெருவில் நானும் வண்டியில் வந்தவர்களும்தான் நின்றோம். செல்லாயி மட்டும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா என் மேலுதட்டைப் பார்த்தார். வெட்டிக்கொண்டு வந்திருந்த மூங்கிலைப் பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"மூலத்துக்கு மாமனாரு போகணும், அம்புட்டுத்தானே? மகன் மீசைய எடுத்துட்டான். ஊரே அழுதாச்சு. மூங்கி வெட்டியாச்சு. வரப்பு நம்ம வரப்புதான்னு செல்லாயியே ஒத்துக்கிட்டா. இன்னும் என்ன தோசம் மிச்சம் இருக்கு? நாளைக்கே ஆளனுப்பு. அந்தப் புள்ளையவே முடி."

முடித்தார்கள். கல்யாணப் போட்டோவில் என் மேலுதட்டில் எறும்பு ஊர்வதுபோல் தெரிவது, போட்டோ பழசானதால் ஏற்பட்ட கறை அல்ல. அத்தனை நாளில் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது. அதையும் மறுவாரமே எடுக்கும்படி ஆகிவிட்டது. அப்பா பேரன் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார். வரப்பு மட்டும் மறுபடி தகராறுக்குப் போய்விட்டது. செத்தவருக்குச் சொன்னது உயிரோடிருப்பவருக்குச் செல்லாது என்று செல்லாயி சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் ஏழாவது ஆள் படியேறினால் போதும், யாராவது ஒருவர் அவரைப் பார்த்து "ஒங்க நட்சத்திரம் என்னங்க?" என்பார். உடனே எல்லோரும் என் மேலுதட்டைப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் தடவை சோடி ஒட்டிவிடுகிறது. அந்தோணி சாகும்வரை அதை எண்ணிக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, அன்றைக்கு அவ்வளவு தைரியமாக உண்மையைச் சொன்னாயே, எனக்காகத்தானே என்று மீனாட்சியிடம் கேட்டேன். முந்தானை வாய்க்குப் போயிற்று. வளையல் கடைமுன் பார்த்த அதே சிரிப்பு.

"ஒங்களப் புடிச்சுத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா அத்தை சொன்ன பொய்யில அந்த மீசையில்ல தப்பிக்கப் பாத்துச்சு?"